முப்புடாதி பரிந்துரைத்த புத்தகம்

நவம்பர் 3, திங்கள்

காலையில் சாரல் விட்டிருந்ததால் பிரார்த்தனைக் கூட்டம் மைதானத்திலேயே நடந்தது. வழக்கம்போல எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். நூலகத்துக்குப் புதிதாக வந்தவற்றில் மூன்று புத்தகங்களைக் காட்டிப் பேசினேன். ஆறாம் வகுப்புக்குக் குகைக்குள் மாட்டிக்கொண்ட வௌவால் குட்டியின் கதை. எட்டாம் வகுப்புக்குச் சைக்கிளில் ஊரைச் சுற்றும் பெண்ணின் கதை. பெரிய பிள்ளைகளுக்கு உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணும், கால் ஒடிந்த பூநாரையும் வரும் கதை.

ஆறாம் வகுப்பு ஓடி வந்தது. அவர்களுக்கு எது சொன்னாலும் ஓடி வருவார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மெதுவாக வந்து, "மிஸ், குடும்பக் கதை இருக்கா?" என்றார்கள். காதல் கதை என்று கேட்க வெட்கம். கொடுத்தேன்.

உப்பளப் புத்தகத்தை ஒன்பதாம் வகுப்பு முப்புடாதி எடுத்துக்கொண்டாள். என்னிடம் வரும் பிள்ளைகளிலேயே அதிகம் படிக்கிறவள் அவள்தான். பின்னட்டையைப் பார்த்துவிட்டு, "இந்தப் பறவை கடைசியில செத்துப் போவுமா மிஸ்?" என்று கேட்டாள். சொல்ல மாட்டேன் என்றேன். "செத்துப் போனாலும் பரவால்ல. ஆனா சும்மா அழ வைக்கதுக்காகக் கொல்லக் கூடாது" என்றாள்.

பதினான்கு வயதுக்கு இது நல்ல விமர்சனம்.

நவம்பர் 7, வெள்ளி

அலமாரி மேல்தட்டில் மழை ஒழுகுகிறது. ஹெச்.எம். ரெஜினா மேடத்திடம் மறுபடியும் சொன்னேன். ஆள் வரும் என்றார்.

அவரே ஒரு யோசனையும் சொன்னார். குழந்தைகள் தினத்தன்று நான் பேசாமல், ஒரு மாணவியை விட்டுப் புதுப் புத்தகத்தை அறிமுகம் செய்யச் சொன்னால் என்ன என்று. நான் பல நாளாகச் சொல்ல நினைத்ததுதான். யார் என்று கேட்டார். யோசிக்கவே இல்லை.

முப்புடாதியைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவள் சந்தோஷப்படவில்லை. "மைக்ல என் பேரச் சொல்லுவாங்களா மிஸ்?" என்றாள்.

"சொல்லாம எப்படி?"

"எல்லாரும் சிரிப்பாங்க."

அது அவள் குலதெய்வத்தின் பெயர். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் தர்ஷினி, ஹன்சிகா என்று இருக்க, இவள் வருகைப் பதிவில் பெயர் வரும்போது தலையைக் குனிந்துகொள்வாளாம். போன வருடம் என்னிடம், "எம் பேரு உள்ள பிள்ள வார கதை எதாவது இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். தேடினேன். இல்லை.

"நீ பேசி முடிச்ச பிறகு யாரும் சிரிக்க மாட்டாங்க" என்றேன்.

பிறகு, "எங்கம்மட்ட கேட்டுட்டு வாரேன்" என்றாள்.

நவம்பர் 10, திங்கள்

அம்மா சரி என்றுவிட்டார்களாம். மதிய இடைவேளையில் பயிற்சி. குரல் நன்றாக இருக்கிறது. ஆனால் மிக வேகமாகப் பேசுகிறாள்.

நவம்பர் 13, வியாழன்

முப்புடாதி சாப்பாட்டு நேரத்தில் வந்து நூலகத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லையா என்றேன். பசிக்கலை என்றாள். மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டே ஒருமுறை முழுவதும் சொல்லிக் காட்டினாள். நாளைய பதற்றம்.

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. இவர் ஹோட்டலில் இட்லி வாங்கி வந்தார்.

நவம்பர் 14, வெள்ளி

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

மேடைக்குப் பக்கத்தில் வரிசையில் நிற்கும்போது முப்புடாதியின் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. கண்ணும் கலங்கிச் சிவந்திருந்தது. "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல மிஸ்" என்றாள். முதல் தடவை மேடை ஏறும்போது எனக்கும் இப்படித்தான் இருந்தது. "பயத்துல உடம்பு சுடத்தான் செய்யும். போய்ப் பேசு" என்றேன்.

பெயரைச் சொன்னதும் பின் வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். எழுதி வைத்திருந்த எதையும் சொல்லவில்லை.

"என் பேரு முப்புடாதி. சிரிச்சு முடிச்சிட்டீங்களா? இந்தப் புத்தகத்துல வார பிள்ளைக்கும் அவ பேரு புடிக்காது. ஆனா அந்தப் பறவைக்கு அவ பேரு தெரியாது. அவ நடந்து வார சத்தம் மட்டும்தான் தெரியும். அது போதும்னு அவளுக்கு ஒரு எடத்துல தோணும். இதுல அழுகை வார எடம் ஒண்ணு இருக்கு. எந்தப் பக்கம்னு சொல்ல மாட்டேன். நீங்களே போயி அழுதுக்கிடுங்க."

மைதானம் முழுவதும் சிரித்தது. இது வேறு சிரிப்பு. கைதட்டு ஓயும்வரை ஹெச்.எம். காத்திருந்தார். பதினைந்து வருடமாக வாரம்தோறும் பேசுகிறேன், எனக்கு ஒருநாளும் இப்படிக் கைதட்டியதில்லை.

இறங்கி வந்தவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். "தல சுத்துது மிஸ்" என்றாள். தண்ணீர் கொடுத்து மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்தேன். அதற்குள் நூலக வாசலில் கூட்டம். உப்பளப் புத்தகம் இரண்டே பிரதிதான். ஒன்று இவளிடம் இருக்கிறது. இன்னொன்றுக்குச் சண்டை. அவர்களைச் சமாளித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவள் வகுப்புக்குப் போயிருந்தாள்.

நல்ல நாள்.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. வீடெல்லாம் கொடி கட்டித் தொங்குகிறது.

நவம்பர் 17, திங்கள்

முப்புடாதி வரவில்லை. சனிக்கிழமையே காய்ச்சல் என்று இங்குள்ள ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். நேற்று மாலை திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டார்களாம். டெங்கு என்கிறார்கள்.

இந்த மழையில் எல்லாத் தெருவிலும் இருக்கிறது. சரியாகிவிடும்.

நவம்பர் 18, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பு டீச்சர் பார்த்துவிட்டு வந்தார். தீவிர சிகிச்சையில் வைத்திருப்பதால் உள்ளே விடவில்லையாம். நானும் போகலாம் என்று இருந்தேன். மேல்தட்டு ஒழுகலைப் பார்க்க இன்றைக்குத்தான் ஆள் வந்தான். நாளை போக வேண்டும்.

நவம்பர் 19, புதன்

முப்புடாதி விடியற்காலையில் இறந்துவிட்டாள்.

நவம்பர் 20, வியாழன்

பள்ளிக்கூடத்திலிருந்து எல்லோரும் போனோம். தெரு குறுகல் என்பதால் வேன் முக்கிலேயே நின்றுவிட்டது. பந்தல் போட்டிருந்தார்கள். அவளுடைய அப்பா கொல்லத்தில் புரோட்டா கடையில் வேலை பார்க்கிறவர். பேன்ட்டை மடித்து விட்டபடி ஒரு மூலையில் நின்றிருந்தார். யாரோ அடித்துப் போட்டதுபோல இருந்தது முகம்.

முப்புடாதிக்குப் பள்ளிச் சீருடை போட்டிருந்தார்கள்.

அம்மாவை இன்றுதான் முதலில் பார்த்தேன். பெயர் சண்முகக்கனி. பீடி சுற்றுகிறவர். ஒல்லியான உடம்பு, அதிலிருந்து எப்படி அவ்வளவு பெரிய குரல் வந்தது என்று தெரியவில்லை. "மைக்குல பேசணும் பேசணும்னு ஓடுனியே. காச்சல மறச்சுக்கிட்டு ஓடுனியே. பேசுனது போதுமா தாயீ. அந்தப் பள்ளிக்கூடம் உனக்கு என்னத்தக் குடுத்துச்சி" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

அழுகிறவர்கள் ஏதாவது சொல்லித்தான் அழுவார்கள். டெங்கு கொசுவால் வருவது. எல்லோருக்கும் தெரியும்.

நான் பந்தலுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

சுகாதாரத் துறையிலிருந்து வந்து பள்ளி முழுவதும் புகை அடித்தார்கள். நூலகத்துக்குள்ளும் அடித்தார்கள். பின்பக்கம் கிடந்த உடைந்த பூந்தொட்டிகளில் கொசுப்புழு இருந்ததாம். கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

நவம்பர் 24, திங்கள்

தொண்டை சரியில்லை. கூட்டத்தில் புத்தகம் பற்றிப் பேசவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

இன்றும் பேசவில்லை. மழை என்பதால் கூட்டம் வகுப்பறைகளிலேயே நடந்தது.

மதியம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் வந்து, "அந்த அக்கா சொன்ன புக்கு" என்று கேட்டார்கள். வெளியே போயிருக்கிறது என்றேன். "எப்பம் வரும் மிஸ்?" தெரியாது என்றேன்.

இரண்டாம் பிரதி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அன்றைய சண்டையில் அட்டை ஓரம் கிழிந்திருக்கிறது. ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டுக் கொடுக்கலாம்.

டிசம்பர் 5, வெள்ளி

ரெஜினா மேடம் கூப்பிட்டு, "தொண்டை எப்படி இருக்கு?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

"ஆவுடை, திங்கட்கிழமை நீங்க பேசாதது பிள்ளைகளுக்கு ஒரு மாதிரியா இருக்கு. எங்கிட்டயே வந்து கேக்குதுங்க."

அரையாண்டுத் தேர்வு வருகிறது, பிள்ளைகள் பாடம் படிக்கட்டும் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது உங்க தப்பில்ல" என்றார். எது என்று கேட்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி

சாயங்காலம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். இவர் மின்வாரிய அலுவலகத்திலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தார். "நமக்குன்னு ஒண்ணு இருந்து போயிருந்தாக்கூட நீ இவ்வளவு அழுதிருப்பியான்னு தெரியல" என்றார்.

நான் அழவில்லை. தேங்காய்தான் துருவிக்கொண்டிருந்தேன். அப்படியே அவரிடம் சொன்னேன்.

துருவியை என் கையிலிருந்து வாங்கி மீதியை அவரே துருவினார். இருபது வருடத்தில் இவர் தேங்காய் துருவி நான் பார்த்ததில்லை. ஓடும் சேர்ந்து வந்துவிட்டது. சட்னி கறுப்பாக இருந்தது. சாப்பிட்டோம்.

டிசம்பர் 23, செவ்வாய்

தேர்வு முடிந்தது. பிள்ளைகள் விடுமுறைக்குப் புத்தகம் எடுக்க வந்து போய்க்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிவாக்கில் வாசலில் ஒரு நிழல். செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தார் சண்முகக்கனி. கையில் துணிப்பை.

"நான் முப்புடாதி அம்ம" என்றார். எனக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறார்.

பையிலிருந்து உப்பளப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். பிளாஸ்டிக் உறையில் சுற்றியிருந்தது. "பள்ளிக்கூடத்துப் பொருளு. குடுத்துரணும்லா" என்றார்.

நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"எனக்கு எதுக்கு மிஸ்? நான் எழுத்துக்கூட்டி ஒரு பக்கத்த முடிக்கதுக்குள்ள விடிஞ்சிரும். அவதான் வாசிப்பா. நான் சுளக மடியில வச்சிப் பீடி சுத்திக்கிட்டே கேப்பேன். நீங்க குடுத்துவிட்ட கதை அம்புட்டும் எனக்குத் தெரியும். அந்த மலை பங்களா, அந்தச் சைக்கிள் பிள்ள, எல்லாம்."

நான் உட்காரச் சொன்னேன். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"எனக்குப் புடிக்கலன்னா அவட்ட சொல்லிருவேன். மறுநாளே மாத்திட்டு வந்துருவா."

எத்தனையோ தடவை முப்புடாதி காலையில் வந்து, "இது சரியில்ல மிஸ், வேற குடுங்க" என்று நின்றிருக்கிறாள். ஒரே ராத்திரியில் எப்படித் தெரிந்தது என்று கேட்பேன். சிரிப்பாள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு என்று நினைத்து நான் தேடித் தேடி எடுத்த புத்தகங்களை, நான் முகம் பார்த்திராத இன்னொருத்தியும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒண்ணு கேக்கணும் மிஸ். அவ பத்தாங்கிளாஸ் போயிருந்தா என்ன புக்கு குடுத்திருப்பிய?"

சட்டென்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எந்தப் பிள்ளைக்கு எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அவர் எழுந்தார். போகாமல் நின்றார்.

"அன்னைக்கு நான் என்னெல்லாமோ பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க. காச்சலோட அனுப்புனது நாந்தான். காலையில நெத்தியத் தொட்டுப் பாத்தேன், சுட்டுச்சி. கெஞ்சுனா. மாத்திரையக் குடுத்து அனுப்பிட்டேன். ஆஸ்பத்திரியில வச்சு எங்கிட்ட சொன்னா. 'மிஸ் என் கையப் புடிச்சுப் பாத்துட்டு, பேச வேண்டாம், வீட்டுக்குப் போன்னுதான் சொன்னாவ. நாந்தான் கேக்காம மேடைக்கு ஓடிட்டேன்'னு. பெறவுதான் எனக்கு உறச்சுது. பெத்தவளுக்கு இல்லாத கரிசனம் உங்களுக்கு இருந்திருக்கு."

ஏழாம் வகுப்பு வந்துவிட்டது. விடுமுறைக்கு இரண்டு புத்தகம் எடுக்கலாமா என்று சத்தம். நான் அவர்களைக் கவனிக்கத் திரும்பினேன். சண்முகக்கனி செருப்பைப் போட்டுக்கொண்டு போவது ஜன்னல் வழியே தெரிந்தது.

டிசம்பர் 24, புதன்

அன்று அவளிடம் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

எதிர்வீட்டில் கேக் கொடுத்தார்கள். இனிப்பு அதிகம்.

ஜனவரி 5, திங்கள்

பள்ளி திறந்தது. இழுப்பறையில் இருந்த பிரதியை எடுத்து ஒட்டினேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். ஒருத்தி வாங்கிக்கொண்டு, "எந்தப் பக்கத்துல அழுகை வரும்னு தெரியுமா மிஸ்?" என்றாள். தெரியும் என்றேன். "சொல்லாதீங்க" என்றாள் இன்னொருத்தி.

ஜனவரி 12, திங்கள்

சென்னையிலிருந்து புதிய புத்தகப் பெட்டி வந்தது. தனியாக உட்கார்ந்து பிரித்தேன். புது மை வாசனை இன்னும் எனக்கு அலுக்கவில்லை. இது ஆறாம் வகுப்பு ஷர்மிளாவுக்கு. இது பத்தாம் வகுப்புக் குடும்பக் கதைக்காரிகளுக்கு. இது எதையுமே படிக்காத அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு, படம் நிறைய இருக்கிறது. கை தானாகவே பிரித்து அடுக்கியது.

அடியில் ஒன்று இருந்தது. மலையோரத்து ஊரில் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அக்கரையில் இருக்கும் அப்பாவைத் தேடி ஒரு பெண் கிளம்புகிறாள். நின்றபடியே முதல் அத்தியாயத்தைப் படித்தேன். முடிந்தபோது பள்ளிக்கூடமே விட்டிருந்தது. அதை எந்த அடுக்கிலும் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கல் விடுமுறை. அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தோம். புத்தகத்தைப் பையில் வைத்திருந்தேன், படிக்கவில்லை.

சண்முகக்கனியிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகலாம்.

ஜனவரி 18, ஞாயிறு

மூன்று மணிக்குப் போனேன். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் பொங்கல் கோலம் இன்னும் அழியாமல் கிடந்தது. அந்த வீட்டு வாசல் மட்டும் தண்ணீர் தெளித்ததோடு இருந்தது. துட்டி வீடு, சாவு விழுந்த வருடம் பொங்கல் கிடையாது.

சண்முகக்கனி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் சுளகு. அந்த முறத்தில் நறுக்கிய பீடி இலையும் புகையிலைத் தூளும். என்னைப் பார்த்ததும் எழப் போனார். வேண்டாம் என்று நானே பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அப்பா கொல்லத்துக்குத் திரும்பிப் போய்விட்டாராம். "அங்கன நாலு பேரோட நின்னா அவருக்கும் கொஞ்சம் மறக்கும்" என்றார்.

"நீங்க கேட்டீங்களே, பத்தாம் வகுப்புக்கு" என்று புத்தகத்தை நீட்டினேன். இரண்டு கையிலும் தூள் ஒட்டியிருந்ததால் வாங்கவில்லை. அட்டையை மட்டும் பார்த்தார்.

"அப்பம் இத ஜூன் மாசம்தான் குடுத்திருப்பிய."

"இல்ல. போன திங்கக்கிழமையே குடுத்திருப்பேன். அவ எப்பவும் ஒரு வருஷம் முந்தியே படிப்பா."

சண்முகக்கனி சிரித்தார். முப்புடாதியின் அதே பல்வரிசை. இதுவரை நான் பார்த்திருக்கவில்லை.

"வாசிங்களேன்" என்றார்.

ஆயிரம் பிள்ளைகளுக்கு முன்னால் பேசியிருக்கிறேன். ஒருத்தருக்கு வாசித்துப் பழக்கமில்லை. முதல் பக்கத்தில் குரல் சரியாக வரவில்லை. "கொஞ்சம் மெதுவா. அவளும் இப்பிடித்தான் ஓடுவா" என்றார். மெதுவாக வாசித்தேன். மழை பெய்தது. பாலம் போனது. அந்தப் பெண் ஒரு துணி மூட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு கரைக்கு வந்தாள். சண்முகக்கனியின் விரல்கள் இலையைச் சுருட்டி, மடக்கி, நூலைச் சுற்றி, அடுத்த இலைக்குப் போய்க்கொண்டே இருந்தன. அத்தியாயம் முடியட்டும், பிறகு சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

கை நிற்காமலே அவர் சொன்னார்: "மிஸ், ஆஸ்பத்திரியில அவ சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரியும்."

நான் வரியில் விரலை வைத்தபடி இருந்தேன்.

"அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லும்போது எம் மொகத்தப் பாக்கல. அம்ம போயி மிஸ்ஸ ஏசிருவாளோன்னு அவளுக்குப் பயம். அந்தக் கெடையில கெடக்கும்போதும் அந்தப் பயந்தான்."

வெளியே யாரோ பைக்கை மிதித்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

"லைப்ரரியில வச்சு அதச் சொன்னது, நீங்க என்ன சொல்லுதியன்னு பாக்கத்தான். நீங்க ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வந்து ரெண்டு நாளு உங்கள மனசுக்குள்ளயே ஏசுனேன். பெறவு விட்டுட்டேன். எம் பிள்ள உங்களக் காப்பாத்தணும்னு நெனச்சிருக்கா. அத நான் எதுக்குக் கெடுக்கணும்?"

நான் வாயைத் திறந்தேன்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானுந்தான தொட்டுப் பாத்தேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "வாசிங்க. அந்தப் பிள்ள ஆத்துல எறங்குனாளா, இல்லியா?"

'அவள் இறங்கினாள்' என்று வாசித்தேன். அடுத்த வரி தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அப்போதும் தெரியவில்லை. சண்முகக்கனி அவசரப்படுத்தவில்லை. ஒரு இலையை எடுத்து மடியில் நீவிவிட்டபடி, நான் வாசிப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.